அரிய பறவை தேட மன்னாரா, முல்லைத்தீவா, குளக்கரையா?

மாரியில் வன்னிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கையில் இரண்டு நாள் இருக்கிறது, வழக்கமாகக் காணாத ஒன்று எங்கே கண்ணில் படும்? மேற்கே மன்னாரும் வங்காலையும், கிழக்கே முல்லைத்தீவில் நந்திக்கடல், கொக்கிளாய் என்ற களப்புகள், நடுவில் குளங்கள். மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைத்தால் பாதி நேரம் வீதியிலேயே போய்விடும். ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

என் தெரிவு மன்னார், அதுவும் தை பிற்பாதியும் மாசியும். காரணம் எளிது. வழி தப்பி வந்த பறவை பெரும்பாலும் தனியே நிற்பதில்லை, தன்னைப் போன்றவற்றின் கூட்டத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். ஆகவே கூட்டம் எங்கே பெரிதோ அங்கே தேடுவதுதான் புத்தி. 2008இல் சரணாலயமாகி 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலையில், மழை ஓய்ந்து உவர்த்தரையில் தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் கருவால் மூக்கன் என்ற நீள அலகுக் கரைப்பறவையும் அடர்ந்து நிற்கும். பூநாரையைப் பார்த்ததும் எல்லோருடைய கமராவும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, ஆனால் அரியதைத் தேடுபவர் அந்த மூக்கன் கூட்டத்தைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, அதற்குள் ஒரு பட்டைவால் மூக்கன் கலந்திருந்தால் நிற்கும்போது கண்டுபிடிப்பது கடினம், பறந்தால் சுலபம்: கருவாலுக்குச் சிறகில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும், மற்றதற்கு அது இல்லை. அதற்காகக் கல் எறிந்து கலைக்காதீர்கள்! வல்லூறு ஒன்று மேலே வந்தால் கூட்டம் தானாகவே எழும், அதுவரை காத்திருக்கலாம். வடக்கே திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் மாதங்கள் இவை, வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

தலைமன்னார்ப் பக்கம் மீன் கரையேறும் இடங்களில் கடற்காகக் கூட்டம். மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பூட்டிவிட்ட கடற்காகம் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய்த் திரும்ப மன்னாருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட கூட்டத்தில் எது வந்து கலந்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? கறுப்பு வெள்ளை உடலும் தடித்த அலகுமாக நண்டு பிடித்துத் தின்னும் அந்த உப்புக்கொத்தியைத் தேடுபவர்களுக்கும் இந்தக் கரைதான்.

மன்னாரின் குறை வெளிச்சமும் காற்றும். வீதியில் நின்று தெற்கே பார்த்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், காலை ஏறஏறக் கானல் எழுந்து தூரத்துப் பறவையெல்லாம் ஆடும், வாடைக்காற்றில் முக்காலியும் நிற்காது.

வெளிச்சத்தில் முல்லைத்தீவு ஒரு படி மேல். காலையில் கரைப்பக்கம் நின்று களப்பைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால். ஆனால் அங்கே எல்லாம் முகத்துவாரத்தைப் பொறுத்தது. மழை கூடி வட்டுவாகலில் வாய் திறந்து தண்ணீர் கடலுக்குள் இறங்கினால் சேற்றுத்தரை வெளிப்படும், உள்ளான்கள் இறங்கும். வாய் மூடி நீர் நிறைந்து நின்றால் கூழைக்கடாவையும் ஆலாவையும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கொக்கிளாய் 1951இலிருந்தே சரணாலயம், இருந்தும் மன்னாருக்குப் போகிறவர்களில் சிறு பங்குகூட அங்கே போவதில்லை. யாரும் பார்க்காத இடம் என்பதால் நீங்கள் குறித்துவைக்கும் சாதாரணப் பட்டியலுக்கே அங்கே பெறுமதி அதிகம், ஆனால் கூட்டம் சிதறிக் கிடப்பதால் இரண்டு நாளில் அரியது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. வீச்சுவலைக்காரரிடம் “அண்ணை, வேற மாதிரிப் பறவை ஏதும் இறங்கியிருக்கோ?” என்று கேளுங்கள், அவர்கள் கண்ணுக்குத் தப்புவது குறைவு. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதற்கு அப்பால் ஒரு அடிகூட வேண்டாம். இன்னொன்று, நந்திக்கடல் கரை 2009க்குப் பிறகு எங்கள் சனங்களுக்கு வெறும் நீர்க்கரை அல்ல, கமராவோடு கூட்டமாய்ப் போய்ச் சத்தம் போடுகிறவர்கள் அதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

சரி, குளங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாம் மார்கழியில் நிறைந்தால் சேற்றுக்கரையே மிஞ்சாது, கரையில் இரைதேடும் பறவைக்கு அங்கே வேலை இல்லை. மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக்குளம் மட்டும் வேறு: ஆழம் குறைவு, தாமரையும் பாசியும் நிறைய, நீளவால் இலைக்கோழியும் குள்ளத் தாராவும் குளக்கட்டில் நின்றே தெரியும். மழை பொய்த்த வருடத்தில் கணக்கு மாறிவிடும், வற்றும் குளத்தின் ஓரம் களப்பை விடவும் நன்றாக இருக்கும். பக்கத்திலேயே குளம் உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டு மன்னாருக்கு ஓட வேண்டாம், அதே கட்டில் மாரி முழுக்கக் கிழமைக்கு ஒருமுறை நடந்தால் வெளியாள் காணாததை நீங்கள் காண்பீர்கள்.

வாகனம் இல்லாதவர்களுக்கும் மன்னார்தான் வசதி. வவுனியாவிலிருந்து மன்னார் பஸ்ஸில் வந்து தள்ளாடியில் இறங்கினால் மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதி கிட்ட, விடியும்போது அங்கே நின்றுவிட்டுக் கானல் எழுந்ததும் தலைமன்னாருக்குப் போய்க் கடற்காகங்களைப் பார்க்கலாம். கொக்கிளாய்க்குச் சொந்தமாக மோட்டார் சைக்கிளாவது இல்லாமல் போனால் நாள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே முடியும்.