வாடகை மனையில் ஓர் ஆபீஸ்: கண்டெய்னரா, போர்ட்டா கேபினா?

தூத்துக்குடியில் பிவிசி பைப்பும் தண்ணீர்த் தொட்டியும் விற்கும் யார்டு எங்களுடையது. இடம் வாடகைக்கு, 11 மாத அக்ரிமென்ட். கணக்கு எழுத ஓர் ஆபீஸ், ஃபிட்டிங்ஸ் பெட்டிகளைப் பூட்டி வைக்க ஒரு ஸ்டோர், இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டும். ஹாலோ பிளாக்கில் கட்டலாம், ரெடிமேட் அறையாக வரும் போர்ட்டா கேபின் வாங்கலாம், கப்பலில் சரக்கு ஏற்றிவந்த பழைய கண்டெய்னரை மாற்றி எடுக்கலாம். நாங்கள் 20 அடிக் கண்டெய்னர் எடுத்தோம். இன்றும் அந்தக் கட்சிதான். அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

ஹாலோ பிளாக்கைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சொந்த மனையாக இருந்தால் கட்டிவிடுங்கள். மற்ற இரண்டையும்விட வெயில் தாங்கும், நாளை மாடியும் எடுக்கலாம். வாடகை மனையில் கட்டினால் காலி செய்யும் நாளில் அது இடத்துக்காரர் சொத்து. ஜன்னல் கம்பியைக்கூடக் கழற்ற விடமாட்டார்கள்.

ஆக, போட்டி மற்ற இரண்டுக்கும்தான். பார்வைக்கு இரண்டும் இரும்புப் பெட்டி. ஆனால் போர்ட்டா கேபின் ஓர் அறையாகவே பிறக்கிறது: கீழே சி சேனல் சட்டம், மேலே ஸ்கொயர் பைப் கூடு, வெளியே மடிப்புத் தகரம், நடுவில் வெப்பம் தடுக்கும் ராக்வூல் பஞ்சு, உள்ளே லேமினேட் போட்ட எம்டிஎஃப் என்கிற மரநார்ப் பலகை, தரையில் சிமென்ட் போர்டும் வினைலும். ஒயரிங் முடிந்து, லைட் மாட்டி வந்து இறங்கும். அன்றைக்கே நாற்காலி போட்டு உட்காரலாம். கண்டெய்னரில் இது எதுவும் இருக்காது. வெறும் பெட்டிக்குக் கொடுத்த பணத்தோடு வெல்டர், தச்சர், எலக்ட்ரீஷியன் கூலியையும் சேர்த்தால் கேபின் விலையைத் தொட்டுவிடும், சமயத்தில் தாண்டியும் போகும். ‘கண்டெய்னர் மலிவு’ என்று யாராவது சொன்னால், உள்வேலைக் கணக்கையும் கேளுங்கள்.

பின்னே ஏன் கண்டெய்னர்? இடம் மாறும் நாளுக்காக.

20 அடிப் பெட்டி வெறுமனே சுமார் 2.2 டன் எடை. சரக்கோடு சேர்த்து 30 டன்னுக்கு மேல் தாங்கி, அப்படிப்பட்ட பெட்டிகள் தலைக்கு மேல் அடுக்கடுக்காக நிற்க, கப்பல் ஆட்டத்தில் வாரக்கணக்கில் குலுங்கி வருவதற்காகச் செய்தது. எட்டு மூலையிலும் கார்னர் காஸ்டிங் என்கிற வார்ப்பு எஃகுக் கட்டை இருக்கும். மேலே உள்ள நான்கு ஓட்டையில் கொக்கி மாட்டினால் ஹைட்ரா கிரேன் அலட்டிக்கொள்ளாமல் தூக்கும். டிரெய்லரில் வைத்து, மூலைக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும் ட்விஸ்ட் லாக்கைத் திருகினால் அசையாது. தூக்கி மாற்றுவது அதன் தினசரிப் பிழைப்பு. போர்ட்டா கேபினிலும் தூக்கும் வளையம் உண்டு. ஆனால் அதன் பலம் சட்டத்தை யார், எத்தனை மில்லிமீட்டர் சேனலில் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் பக்கத்து லாரி ஷெட்டில் ஒரு கேபின் இருக்கிறது. ஒரே ஒரு முறைதான் இடம் மாறியது. கதவு அடியில் இடிக்கிறது, கூரை மூலையில் மழை ஒழுகுகிறது, அந்த இடத்து எம்டிஎஃப் ஊறி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. கனமான சேனலில் செய்த நல்ல கேபின் இப்படி ஆகாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு கேபின் இரண்டு, மூன்று தடவை இடம் மாறி வந்ததை நான் பார்த்ததில்லை.

ஆனால் கண்டெய்னரின் இந்த பலம் அதை நீங்கள் வெட்டாத வரைக்கும்தான். பக்கச் சுவர்த் தகரம் 2 மில்லிமீட்டர் கனத்துக்குள்தான் இருக்கும். அதில் விழுந்திருக்கும் மடிப்புதான் அதற்கு விறைப்பு. பாரம் மூலைத் தூண்கள் வழியாக இறங்குகிறது என்பது உண்மை; ஆனால் பெட்டி கோணாமல் பிடித்திருப்பதும், மேலே ஓடும் நீளக் கம்பி தொய்யாமல் தாங்குவதும் அந்தச் சுவர்தான். ஒரு பக்கத்தை முழுக்க அறுத்துக் கண்ணாடி போட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். மேல்கம்பிக்குத் தனி பீம், நடுவில் தூண் என்று இரும்பு ஏறிக்கொண்டே போகும். இரண்டு பெட்டியை ஒட்டி வைத்து நடுச்சுவர் இரண்டையும் எடுத்துவிட்டால், அப்புறம் அது கண்டெய்னர் இல்லை, இரும்புக் கட்டடம். தூக்க வேண்டுமென்றால் முதலில் குறுக்குக் கம்பி அடிக்க வேண்டும். இறக்கிய இடத்தில் இணைப்பு ஒழுகாமல் அடைப்பது தனி வேலை.

அதனால் எங்கள் வெல்டரிடம் ஒரே நிபந்தனை வைத்தோம்: இரண்டு வெட்டுதான், மூன்றாவது கிடையாது. பெரிய கதவுப் பக்கத்தைத் தொடவே இல்லை. அது ஸ்டோருக்கு வாசல். கதவை மேலும் கீழும் பிடித்துப் பூட்டும் லாக்கிங் ராடு நான்கும் அப்படியே, எந்த ஷட்டரும் அந்தப் பூட்டுக்கு ஈடாகாது. நடுவில் பிளைவுட் தடுப்பு. மறுகோடி ஆபீஸ். அதற்கு நீளச் சுவரில் ஒரு கதவு, எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல், இரண்டும் மூலைத் தூணிலிருந்து தள்ளி. தகரத்தை அறுக்கும் முன்பே 50க்கு 50 மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப்பில் சட்டம் அடித்துத் தயாராக வைத்து, அறுத்ததும் சுற்றிலும் முழு வெல்டு, அதன்மேல் எபாக்சி பிரைமர். புள்ளி வெல்டு வைத்து இடைவெளியை சிலிகானால் பூசும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் மழைக்காலத்திலேயே அந்தக் கோட்டில் துரு வடியும்.

மறுவிற்பனையும் இதே கதைதான். வெட்டாத பெட்டிக்கு ஆள் தேட வேண்டியதில்லை: கட்டட சைட், தோட்டம், பட்டறை என்று யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள். இரண்டு வெட்டு விழுந்த பெட்டிக்கு இன்னொரு யார்டுக்காரரோ ஹோட்டல்காரரோ வருவார். உங்கள் ரசனைக்கு ஏழெட்டு ஓட்டை போட்ட பெட்டிக்கு, அதே ரசனை உள்ளவர் கிடைத்தால்தான் விலை. எது எப்படிப் போனாலும் இரண்டு டன் சொச்சம் இரும்பு, பழைய இரும்புக் கடை எடை போட்டு எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே விலை இறங்காது. பழைய கேபினில் எம்டிஎஃப்பையும் ராக்வூலையும் உரித்துப் போட்டால் மிஞ்சும் இரும்பு கொஞ்சம்தான்.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். உச்சி வெயிலில் உள்ளே போய் இரண்டு கதவையும் சாத்தச் சொல்லுங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஓட்டை. அடுத்து, குனிந்து அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டுங்கள். ‘ணங்’ என்று கேட்க வேண்டும், பொத்பொத்தென்றால் வேண்டாம். கூரையில் தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தாலும் வேண்டாம். கதவில் அறைந்திருக்கும் பிளேட்டில் தயாரித்த மாதம், வருடத்தோடு தரைப்பலகைக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பதும் இருக்கும். அந்த 28 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்குப் பூச்சி வராமல் ரசாயனம் ஏற்றியிருப்பார்கள். எங்களைப் போல மேலே வினைல் ஒட்டினால் ஆபீசுக்குப் போதும். டீக்கடையோ, குழந்தைகள் இருக்கும் இடமோ என்றால் பலகையையே மாற்றிவிடுவது நல்லது.

காகிதமும் முக்கியம். வெளிநாட்டுக் கண்டெய்னர்கள் திரும்பவும் வெளியே போய்விடும் என்ற உறுதியின் பேரில்தான் சுங்க வரி இல்லாமல் உள்ளே வருகின்றன. இங்கேயே விற்றால் வரி கட்டியிருக்க வேண்டும். பெட்டி நம்பர் போட்ட பில்லும், வரி கட்டிய ஆவணத்தின் நகலும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பிறகு விற்கும்போது உங்களிடமும் அதைத்தான் கேட்பார்கள்.

வெயில் விஷயத்தில் கேபின்தான் ஜெயிக்கிறது. ராக்வூலோடு வருவதால் ஒரு சின்ன ஏசி போதும். வெறும் கண்டெய்னரில் மதியம் சுவரில் கை வைக்க முடியாது. நாங்கள் ஆபீஸ் பாதிக்கு மட்டும் 50 மில்லிமீட்டர் ராக்வூல் வைத்துப் பலகை அடித்தோம். அதில் அகலம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்: உள் அகலமே 2.35 மீட்டர், இரண்டு பக்கமும் பலகை வந்தால் 2.2 ஆகிவிடும். அதைவிடப் பலன் கொடுத்தது மேலே போட்ட இரண்டாவது கூரை. நான்கு மேல் மூலை ஓட்டையில் கிளாம்ப் மாட்டிக் கால் நிறுத்தி, ஓரடிக்கு மேல் காற்று இடைவெளி விட்டு, வெள்ளை கலர் ஷீட். கண்டெய்னர் கூரையில் ஒரு துளைகூடப் போடவில்லை. ஆடிக் காற்றுக்கு ஷீட்டைப் பிடித்து நிறுத்த ஸ்க்ரூவில் கஞ்சத்தனம் காட்ட முடியாது, அவ்வளவுதான். உயரம் பிரச்சினை என்றால் ஓரடி கூடுதலான ஹை க்யூப் பெட்டி பாருங்கள். அவை பெரும்பாலும் 40 அடியில்தான் கிடைக்கும்.

துரு இரண்டுக்கும் உண்டு. கண்டெய்னர் செய்யும் கார்ட்டன் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வந்தால்தான் அதன் மேல்துரு இறுகி உள்ளே போகாமல் நிற்கும். உப்புக் காற்றிலும் ஈரம் தங்கும் மூலையிலும் அது நிற்பதில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் மழைக்கு முன் ஒரு தடவை சுற்றி வந்து, வெட்டு ஓரத்தையும் கதவு அடியையும் சுரண்டி டச்சப் கொடுத்தே ஆக வேண்டும். கேபினின் மெல்லிய தகரத்தில் இந்தச் சோம்பேறித்தனத்துக்கு இன்னும் சீக்கிரம் தண்டனை கிடைக்கும்.

பத்தடி அகல அறை வேண்டும், சுற்றிலும் ஜன்னல் வேண்டும், ஒரு வருட சைட் வேலைக்கு வாடகைக்குப் போதும் என்பவர்கள் கேபினையே எடுங்கள். குடும்பத்தோடு கண்டெய்னரில் குடியிருப்பது வேறு கதை. என் அனுபவம் பகல் நேர ஆபீசோடு சரி.

கண்டெய்னர்தான் என்று முடிவானால், பெட்டி வருவதற்கு முன்பே நான்கு மூலைக்கும் ஒன்றரை அடிக் கான்கிரீட் பீடம் போட்டு, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்த்துவிடுங்கள். ஒரு மூலை கொஞ்சம் இறங்கினாலும் பெரிய கதவு பிடித்துக்கொள்ளும். அப்போது ஜாக்கி வைத்து இரும்புத் தகடு சொருக வேண்டியிருக்கும். டிரெய்லர் திரும்பவும் ஹைட்ரா கிரேன் தன் கையைத் தூக்கவும் இடம் இருக்கிறதா, மேலே இ.பி. ஒயர் போகிறதா என்பதை டிரைவர் வந்த பிறகு பார்க்காதீர்கள். வெயிட்டிங் சார்ஜ் மணிக்கணக்கில் ஏறும்.