ஸ்ப்ளெண்டர் ஃபுல் பேக்கிங் செட்: கிளட்ச் வேலைக்கு வாங்கலாமா?

கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை விட்டால், “அப்படியே ஃபுல் பேக்கிங் செட் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க சார்” என்ற பேச்சு கட்டாயம் வரும். பேக்கிங் என்பது இன்ஜின் பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் மெல்லிய கேஸ்கெட். 97.2 சிசி ஸ்ப்ளெண்டருக்குக் கடையில் தொங்கும் அந்த செட்டைப் பற்றித்தான் இந்த விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிளட்ச் வேலைக்கு இது தண்டம். ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) இறக்கும் வேலைக்கு, மேல்பாதிப் பேக்கிங்குகள் கொண்ட ஹாஃப் செட் போதும். கிராங்க் வரை பிரிக்கும்போது மட்டும்தான் ஃபுல் செட்டுக்குக் கொடுத்த காசு வேலை செய்யும்.

கவருக்குள் என்னென்ன இருக்கிறது? ஹெட் பேக்கிங், பிளாக்கின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) அடியில் வரும் பிளாக் பேக்கிங், கிளட்ச் கவர் பேக்கிங், இன்ஜினின் இரண்டு பாதிகளுக்கு நடுவே வரும் சென்டர் பேக்கிங், ஹெட்டில் இருக்கும் டேப்பட் (வால்வு இடைவெளி சரிசெய்யும் இடம்) மூடி ஓ ரிங்குகள், சைலன்ஸர் பெண்டுக்கான வளையம், இன்னும் சில சின்ன ஓ ரிங்குகள். ஆயில் சீல் (சுழலும் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) பெரும்பாலும் இதில் வராது, அது தனி செட். ஃபுல் செட் வாங்கிவிட்டோம், இனி ஆயில் ஒழுகாது என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கிக்கர் ஷாஃப்டிலோ முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னாலோ ஒழுகினால் அது சீல் கோளாறு. பேக்கிங்கை மாற்றி ஒரு பயனும் இல்லை.

பழைய பேக்கிங்கை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது? பேப்பர் பேக்கிங் ஒருமுறை நசுங்கி, சூட்டில் காய்ந்து, இரண்டு பக்க அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டுவிடும். அந்த நிலையில் அது பத்து வருடம்கூடக் கசியாமல் இருக்கலாம். கவரைக் கழற்றிய நொடியில் பாதி கவரோடும் பாதி இன்ஜின் கேஸோடும் (அடிக்கூடு) பிய்ந்து வரும். பிய்யாமல் முழுசாக வந்தாலும் மறுபடி நசுங்கிக் கொடுக்கும் தன்மை அதில் இருக்காது. ரப்பர் ஓ ரிங்கும் இதே கதைதான்: புதிதில் உருண்டையாக இருப்பது பழசானால் தட்டையாகிவிடும். ஆகவே திறந்த இணைப்புக்குப் புதியது போட்டே ஆக வேண்டும். கசியாத இணைப்பைப் ‘பழசாயிடுச்சே’ என்று திறக்கவே கூடாது. கிளட்ச் கவர் பேக்கிங் விலை ஒரு லிட்டர் இன்ஜின் ஆயிலைவிடக் குறைவு. செலவு அந்தத் தாளில் இல்லை, அது இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் கூலியில் இருக்கிறது.

கிளட்ச் வேலைக்கு உதிரியாக வாங்க வேண்டியவை: கவர் பேக்கிங், கிக்கர் ஷாஃப்ட் ஆயில் சீல், டிரெய்ன் போல்ட் வாஷர், கிராங்க் முனையில் இருக்கும் சுழல் ஃபில்டர் மூடிக்கான சின்ன பேக்கிங். அந்த ஃபில்டரைத் திறந்து, உள்சுவரில் களிமண் மாதிரி படிந்திருக்கும் அழுக்கை வழித்துப் பெட்ரோலில் கழுவ வேண்டும். கேஸின் அடியில் செருகியிருக்கும் வலையையும் உருவிக் கழுவி மாட்டுங்கள். கவர் திறந்திருக்கும்போது இந்த இரண்டையும் செய்யாமல் மூடுவது, புது பேக்கிங் போடாமல் மூடுவதைவிடப் பெரிய தப்பு.

கவர் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்தி வைத்தால் குழப்பம் வராது. நீள போல்ட் குட்டை ஓட்டைக்குள் போனால் கவரை அழுத்தாமல் அடியில் முட்டி நின்றுவிடும். அப்புறம் ஸ்பேனரை அழுத்தினால் அலுமினியத் த்ரெட் உருவிக்கொண்டு வரும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு தாராளம். ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும்.

இனி ஹெட் வேலை. கூலியை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதிகம் பேர் தப்புச் செய்யும் இடம் இது. “ஹெட் பேக்கிங் மட்டும் மாத்துங்க, பிளாக்கை அசைக்காதீங்க” என்பார்கள். ஸ்ப்ளெண்டரில் அது நடக்காத காரியம். கேஸிலிருந்து கிளம்பும் நான்கு நீள ஸ்டட்கள் (தலையில்லாத போல்ட்கள்) பிளாக்கையும் ஹெட்டையும் ஊடுருவி வெளியே வருகின்றன. மேலே இருக்கும் அதே நான்கு நட்கள்தான் ஹெட் பேக்கிங்கையும் பிளாக் பேக்கிங்கையும் சேர்த்து அழுத்துகின்றன. நட்களைத் தளர்த்தியதும் பிளாக்கின் பிடியும் போய்விடும். ஒட்டிக்கொண்ட ஹெட்டை ரப்பர் சுத்தியால் தட்டும்போது பிளாக் முடியளவு நகர்ந்தாலும் போதும், கீழே பேக்கிங் விட்டுக்கொடுத்துவிடும். புது ஹெட் பேக்கிங்கோடு வண்டி வெளியே போகும், ஒரு மாதத்தில் பிளாக் அடியில் ஈரம் தெரியும், மறுபடி முழுக் கூலி. ஹெட் இறங்கினால் பிளாக் பேக்கிங்கும் மாற்றியாக வேண்டும். ஹாஃப் செட் இதற்காகவே இருக்கிறது.

பிளாக்கைச் சற்றுத் தூக்கியதும், முழுசாக உருவும் முன் கேஸ் வாயில் சுத்தமான துணியைச் சொருகுங்கள். ஒட்டியிருக்கும் தாள் துணுக்கு உள்ளே விழுந்தால் நேராக ஆயில் வலைக்குத்தான் போகும். சுரண்ட ஸ்குரூ டிரைவர் வேண்டவே வேண்டாம். தின்னரில் ஊற வைத்து, பழைய ஏடிஎம் கார்டோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரோ கொண்டு வழித்தால் போதும். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால், எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் ஆயில் அந்த வழியாக வரும். ஹெட் முகத்தில் நேர்ச்சட்டத்தை வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் (மெல்லிய அளவுத் தகடு) உள்ளே நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் முகத்தைச் சமப்படுத்தாமல் எந்த பேக்கிங்கும் நிற்காது. பாகங்களை நேராக உட்காரவைக்கும் டவல் பின்களும், ஆயில் வழியில் இருக்கும் சின்ன ஓ ரிங்கும் பழைய பேக்கிங்கோடு குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டனில் ரிங் வாய்கள் (ரிங்கின் வெட்டு இடைவெளிகள்) ஒரே நேராக நிற்காமல் சுற்றிலும் பிரித்து வைத்து, ஆயில் தடவி, பிளாக்கை நிதானமாக இறக்க வேண்டும். மேலே நட்களின் அடியில் இருந்த செப்பு வாஷர் எந்த ஸ்டட்டில் இருந்ததோ அதே ஸ்டட்டில்தான் திரும்பப் போட வேண்டும். ஆயில் ஏறும் பக்கத்துக்காக இருப்பது அது. இடம் மாறினால் ஹெட் மேல் ஆயில் கசியும், எல்லோரும் பேக்கிங்கைத் திட்டுவார்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வரும் வண்டி என்றால், ஹெட் கையில் இருக்கும்போதே வால்வு சீலையும் மாற்றிவிடுங்கள். பின்னால் அதற்கென்று தனியாகப் பிரித்தால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். சைலன்ஸர் வளையம் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான், யோசிக்காமல் புதிது.

செட்டின் தரம் எப்படி? கம்பெனி ஒரிஜினலுக்கும் கடைத்தெரு செட்டுக்கும் கிளட்ச் கவர் பேக்கிங்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹெட் பேக்கிங்கிலும் பிளாக் பேக்கிங்கிலும்தான் தெரியும். பிளாக் பேக்கிங் தடிமன் கூடினால் கம்ப்ரஷன் குறையும். பழசு நசுங்கியிருக்கும் என்பதால் அதோடு ஒப்பிடாமல், ஒரிஜினல் புது பேக்கிங்கை வெர்னியரில் அளந்து ஒப்பிட வேண்டும். ஹெட் பேக்கிங்கில் போரை (சிலிண்டர் துளை) சுற்றியுள்ள உலோக வளையம் ஒரே சீராக மடிந்திருக்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் ஊர்க்கடையானாலும் செட்டுகள் ஆணியில்தான் தொங்கும். மடிப்பு விழுந்த ஹெட் பேக்கிங்கைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். சூப்பர் ஸ்ப்ளெண்டர் 125 சிசி செட் இந்த வண்டிக்குப் பொருந்தாது. வண்டியின் வருடத்தையும் மாடலையும் சொல்லி வாங்கி, கடையிலேயே ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது நல்லது.

பேக்கிங்குக்குப் பதில் அனபாண்ட் 666 என்ற சிலிகான் பசையைத் தடவி மூடிவிடும் வழக்கமும் இருக்கிறது. சிலிகான் மேல் குறை இல்லை, அதைத் தடவும் கைதான் பிரச்சினை. கவர் முகத்தில் கீறல் இருந்தால், பேக்கிங்கோடு சேர்த்து மெல்லிய பூச்சாகப் பூசலாம். பற்பசை மாதிரி பிதுக்கினால் வெளியே வழிகிற அளவு உள்ளேயும் வழிந்து, காய்ந்து, உதிர்ந்து, கழுவி மாட்டிய அதே வலையை அடைக்கும். ஹெட் பேக்கிங்கிலும், பிளாக் பேக்கிங்கின் ஆயில் ஓட்டை அருகிலும் அதற்கு இடமே இல்லை. பூசியிருந்தால் காய ஒரு நாள் விடுங்கள்.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை. இன்ஜினை மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஆயில் காற்றில் பின்னாலும் எடையால் கீழேயும் போகும் என்பதால், நனைந்த இடங்களில் எது மேலே, எது முன்னே இருக்கிறதோ அதுதான் மூலம். சென்டர் பேக்கிங் கசிகிறது என்று இன்ஜினை இறக்கச் சொன்ன வண்டிகளில், டேப்பட் மூடி ஓ ரிங் ஒன்றிலிருந்து வழிந்த ஆயில்தான் கேஸ் இணைப்பு வரை ஓடிவந்திருக்கும். அந்த மூடியைத் திறக்க ஒரு ஸ்பேனர் போதும்.

செயின் ஸ்பிராக்கெட் செட் மாற்றும் நாளில், முன் ஸ்பிராக்கெட்டைக் கழற்றியதும் பின்னால் இருக்கும் சீலைப் பாருங்கள். ஷாஃப்டைத் தொடும் அதன் உதடு கெட்டிப்பட்டிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். பழைய சீலில் அச்சிட்டிருக்கும் அளவைச் சொல்லி வாங்குங்கள். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலை நோக்கி உள்ளே போக வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்குச் சமமான சாக்கெட்டை வைத்துத் தட்டி இறக்க வேண்டும். ஷாஃப்டில் பழைய உதடு பள்ளம் போட்டிருந்தால், புதிய உதடு அந்தப் பள்ளத்திலேயே உட்காராதபடி ஆழத்தை ஒரு மி.மீ. மாற்றி நிறுத்துங்கள்.