சின்ன ஊர் இணைய இதழுக்கு கோஸ்ட் சரிவருமா?

சின்ன ஊரில் இருந்துகொண்டு ஓரிருவராக இணைய இதழ் நடத்துபவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது கோஸ்ட்தான். இணைய இதழ் வெளியிடவும் அதை மின்னஞ்சலில் அனுப்பவும் 2013-இல் வந்த திறமூல மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்), நடத்துவது லாப நோக்கமற்ற அறக்கட்டளை. வாசகர் கட்டும் சந்தாவில் சப்ஸ்டாக் என்ற மின்னஞ்சல் இதழ்த் தளம் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, கோஸ்ட் தன் பங்காக எதுவும் எடுப்பதில்லை. கொஞ்சம் வாசகர்களை நம்பி நடக்கிற இதழுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

எழுதும் பக்கம் ரொம்பப் பிடித்திருக்கிறது. வெறும் வெள்ளைத் திரை, வரித் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு தட்டினால் படம், காணொளி, பொத்தான் என்று பட்டியல் விரியும், எழுதி முடித்து வெளியிட்டால் நகராட்சிக் கூட்டச் செய்தி இணையப் பக்கமாகவும் சந்தாதாரருக்கு மின்னஞ்சலாகவும் ஒரே நேரத்தில் போய்விடும். வாசகர் பட்டியலையும் எப்போது வேண்டுமானாலும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், அது உங்கள் சொத்து.

குறையும் உண்டு. கட்டணச் சந்தாவுக்கு ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவையில் கணக்கு வேண்டும், உங்கள் நாட்டில் அது கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். சொந்த சர்வரில் நிறுவினால் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித் தரும் மெயில்கன் சேவைக்குச் செலவு தனி. அப்புறம், சர்வர் வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் பேசாமல் கட்டணம் கட்டி, சர்வரை கோஸ்ட்காரர்களே பார்த்துக்கொள்ளும் கோஸ்ட் ப்ரோ எடுத்துவிடுங்கள்.