பேசஸ் தேர்வு: கட்டண வகுப்பா, வார்டா?

எம்ஆர்சிபி என்பது பிரிட்டிஷ் பொது மருத்துவப் பட்டத் தேர்வு; அதில் நோயாளிகளை நேரில் பரிசோதித்துக் காட்டும் பகுதிதான் பேசஸ். அதற்குத் தயாராகும்போது எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். காசு கட்டி இரண்டு மூன்று நாள் வகுப்புக்குப் போவதா, வேலை பார்க்கும் வார்டிலேயே ஒரு நண்பரோடு பழகுவதா?

வகுப்பில் பெரிய லாபம், நோயாளிகள்தான். மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு சுருக்கம்), வீங்கிய மண்ணீரல், மயோடோனிக் டிஸ்ட்ரோபி (இறுகிய தசை எளிதில் தளராத பரம்பரை நோய்) எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். செலவு அதிகம். கூட்டத்தில் உங்கள் முறை வருவதும் குறைவு.

வார்டு அப்படியில்லை. தேர்வில் ஒரு உடல் பரிசோதனைக்கு 6 நிமிடம், அப்புறம் 4 நிமிடம் கேள்வி. அந்த 6 நிமிடம் கையில் ஊற வேண்டும். தினமும் இரண்டு பேரையாவது பரிசோதித்தால்தான் அது வரும். நண்பர் கடிகாரத்தோடு நின்று, “என்ன கண்டீர்கள்?” என்று கேட்கட்டும். வயிற்றை அழுத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்கும் பழக்கமும் இங்கேதான் வரும். தேர்வில் வரும் 8 நோயாளி சந்திப்புகளிலும் நோயாளி நலனுக்குத் தனி மதிப்பெண் உண்டு. நல்ல மருத்துவர்கள்கூட அதில் தவறுகிறார்கள்.

2023-இல் தேர்வில் புதிதாக வந்த 20 நிமிடக் கலந்தாய்வுக்கும் (நோயாளியிடம் விசாரித்து, பரிசோதித்து, விளக்கும் பகுதி) புறநோயாளிப் பிரிவைவிட நல்ல இடம் இல்லை.

என்னைக் கேட்டால், முதலில் சில மாதம் வார்டு. வகுப்பு வேண்டுமென்றால், தேர்வுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு போங்கள்.