வெங்காயம் முந்தி வர வேண்டும்: டப்ளினில் சுவைத்த ஐந்து கிரிஸ்ப்ஸ் பொட்டலங்கள்

அயர்லாந்தில் யார் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தாலும் சீஸ் வெங்காயச் சுவையூட்டிய உருளைக்கிழங்குச் சீவல் ஒரு பொட்டலமாவது இருக்கும். ஊரில் நாம் சிப்ஸ் என்று சொல்வதற்கு இங்கே கிரிஸ்ப்ஸ் என்று பெயர். சிப்ஸ் என்று கேட்டால், மீன் வறுவலோடு தருகிற பருமனான கிழங்குத் துண்டுகள்தான் தட்டில் வரும். இந்த ஒரு சுவையில் எந்த நிறுவனத்தினுடையது சிறந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம், சொல்பவர் எந்த ஊரில் வளர்ந்தாரோ அந்த ஊர்ப் பொட்டலமே வெற்றி பெறுவதை ஆறு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஊர்ப்பற்றை ஒதுக்கிவிட்டு நாக்கை மட்டும் நம்பினால் என்ன விடை கிடைக்கும் என்று அறிய ஆசைப்பட்டுத்தான், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஐந்து பொட்டலங்களை மேசையில் வைத்தேன்.

டப்ளின் டேட்டோவையும், கியோஸ் நிறுவனத்தின் பொட்டலத்தையும், ஒரு பேரங்காடி தன் பெயரிலேயே விற்கும் மலிவான பொட்டலத்தையும் எங்கள் தெருவிலேயே வாங்கினேன். மற்ற இரண்டையும், அதாவது வட அயர்லாந்தின் டேட்டோவையும் வாக்கர்ஸையும், ரயிலில் எல்லை தாண்டி நியூரி வரை போய் வாங்கி வந்தேன். என் மனைவி அவற்றைப் பிரித்து ஐந்து வெள்ளைக் கிண்ணங்களில் கொட்டி, கிண்ணத்தின் அடியில் எண் ஒட்டி எடுத்து வந்தார். என்னோடு சுவைத்தவர்கள் இருவர்: டப்ளினிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், திருச்சியிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன என் தம்பி. ஒவ்வொரு கிண்ணத்திற்கும் இடையே உப்பில்லாத ரொட்டித் துண்டும் வெதுவெதுப்பான நீரும் எடுத்துக்கொண்டோம். நாக்கில் எண்ணெய் படிந்தே இருந்தால் அடுத்த சுவை மங்கிப் போகிறது.

முதல் சுற்று முடிந்ததும் தம்பி கேட்டான்: “சீஸ் எங்கண்ணா? வெங்காயந்தான் தெரியுது.” அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்தச் சுவையின் பெயரில் சீஸ் முன்னால் நின்றாலும், வாயில் முன்னால் வருவது வெங்காயம். வெங்காயத்தை நறுக்கும்போது கண்ணைக் கரிக்கச் செய்யும் கந்தகச் சேர்மங்களில் பெரும்பகுதி அதை உலர்த்தும்போது நீங்கிவிட, எஞ்சி நிற்பது இனிப்பும் லேசான வறுத்த வாசனையும். அந்தப் பொடியின் வாசனை பொட்டலத்தைப் பிரித்த கணமே மூக்கை எட்டிவிடுகிறது. சீஸோ, உருக்கித் தூளாக உலர்த்தப்பட்டு, மோர்த்தெளிவுத் தூளோடும் உப்போடும் கலந்து, வறுத்த சீவலின் மேலுள்ள எண்ணெயில் ஒட்டிக்கொள்கிறது. அது மென்று முடிக்கும் தறுவாயில்தான் நாக்கின் பின்பகுதியில் பாலின் கொழுமையாகவும் மெல்லிய புளிப்பாகவும் தெரிய வரும். ஆகவே நல்ல பொட்டலம் எது என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: வெங்காயம் முந்தி வர வேண்டும், சீஸ் பின்னால் வந்து நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் கிழங்கின் சுவை அழியாமல் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் முதலிடம் பெற்றது மூன்றாம் எண் கிண்ணம். திருப்பிப் பார்த்தபோது அது டப்ளின் டேட்டோ. பக்கத்து வீட்டுப் பெரியவர் முகம் மலர்ந்து, “சொன்னேனே” என்றார். உண்மையில் அவர் இரண்டாம் எண்ணைத்தான் டேட்டோ என்று அடித்துச் சொல்லியிருந்தார். சீவல் மெல்லியது, கடித்த உடனே நொறுங்கிவிடும். வெங்காய வாசனை துணிச்சலாக எழுந்து, உப்பு அதைத் தாங்கிப் பிடித்து, கடைசியில் சீஸின் புளிப்பு விரல் நுனியை நக்கும் வரை நீடிக்கிறது.

இந்த நிறுவனத்தின் வரலாறும் அந்தத் துணிச்சலுக்குப் பொருத்தமானது. 1954இல் ஜோ மர்ஃபி என்பவர் டப்ளினில் ஒரு வேனையும் எட்டுப் பணியாளர்களையும் வைத்துக்கொண்டு தொடங்கிய சிறு தொழில் இது. உருளைக்கிழங்கு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அவருடைய சிறு மகன் மழலையில் திரித்துச் சொன்னதே நிறுவனத்தின் பெயராயிற்று. அதற்கு முன்பெல்லாம் கிரிஸ்ப்ஸ் சுவையூட்டப்படாமலே வரும். பொட்டலத்திற்குள் சின்னத் தாளில் மடித்த உப்பை வாங்கியவர்தான் தூவிக் குலுக்கிக்கொள்ள வேண்டும். சுவையை ஆலையிலேயே ஏற்றிவிடலாம் என்று மர்ஃபி எண்ணினார். அவருடைய பணியாளர் சீமஸ் பர்க் பல முறை கலந்து பார்த்து உருவாக்கியதே சீஸ் வெங்காயக் கலவை. பின்னர் அயர்லாந்து, பிரிட்டன் என இரு தீவுகளிலும் எத்தனையோ நிறுவனங்கள் பின்பற்றிய ஒரு சுவைக்கு வழி வகுத்த அந்தப் பணியாளரின் பெயரை இந்தப் பொட்டலத்தை ருசிப்பவர்களில் பலர் அறியாமலிருப்பது எனக்கு வருத்தமே.

வட அயர்லாந்து டேட்டோவின் பெயர் இதேதான் என்றாலும் அது தனி நிறுவனம். 1956இல் தாமஸ் ஹட்சின்சன் என்பவர் டப்ளின் நிறுவனத்திடமிருந்து பெயரையும் செய்முறையையும் பெற்று, அர்மா கவுண்டியின் டாண்ட்ரகீ கோட்டையில் ஆலையைத் தொடங்கினார். இன்றும் அங்கேதான் செய்கிறார்கள். மஞ்சள் நிறப் பொட்டலம். ஒரே வேரிலிருந்து வந்தாலும் இரண்டும் வேறு வேறு மரங்களாகிவிட்டன: டாண்ட்ரகீ சீவலில் சீஸ் சற்று முன்னால் வருகிறது, வெங்காயத்தில் காரம் குறைந்து இனிப்புக் கூடுகிறது. தம்பி இதற்குத்தான் முதலிடம் கொடுத்தான். வெங்காயத்தின் வீச்சு அதிகம் வேண்டாம் என்பவர்கள் அவனோடு உடன்படுவார்கள்.

வாக்கர்ஸ் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து நிறுவனம். தொடக்கத்தில் அது இறைச்சிக் கடை. போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலத்தில் இறைச்சி போதுமான அளவு கிடைக்காததால் 1948இல் கிழங்கு வறுக்கத் தொடங்கினார்கள். மற்ற பிரிட்டிஷ் நிறுவனங்களில் பல இந்தச் சுவைக்குப் பச்சை உறை போட, வாக்கர்ஸ் நீல உறை போடுவதால், புதிதாக வந்தவர்கள் நிறத்தை நம்பி எடுத்து ஏமாற வாய்ப்புண்டு. பெயரைப் படித்து எடுங்கள். சுவை மென்மையானது, சீராகப் பரவியது. ஐந்து கிண்ணங்களிலும் கிழங்கின் இயல்பான மணம் நன்கு தெரிந்தது இதில்தான். குழந்தைகளுக்குக் கொடுக்க நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

கியோஸ் பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தாலும் கண்டுபிடித்துவிடலாம், ஏனெனில் சீவல் அவ்வளவு தடிமன். வடக்கு டப்ளினில் தலைமுறை தலைமுறையாக உருளைக்கிழங்கு பயிரிட்டு வரும் குடும்பம் தன் விளைச்சலைத் தானே வறுத்து விற்கிறது. பொட்டலத்திலுள்ள இலக்கத்தை அவர்களுடைய இணையதளத்தில் இட்டால் அந்தக் கிழங்கு விளைந்த வயல் எது என்றுகூடத் தெரிந்துகொள்ளலாம். உழவரின் மகனாகிய எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. சிறு சிறு தொகுதிகளாக வறுக்கும்போது எண்ணெயின் சூடு கிழங்கைப் போட்டதும் தணிந்து மெல்ல ஏறுவதால் சீவல் கெட்டியாகக் கரகரவென்று அமைகிறது. இவர்கள் சேர்க்கும் சீஸின் பெயர் டப்ளினர்; பெயர் அப்படியிருந்தாலும் அது கோர்க் கவுண்டியில் செய்யப்படுவது. செடார் போன்ற கூர்மையோடு ஒருவித இனிப்பும் கொண்ட அந்தச் சீஸ் நன்றாகவே தெரிகிறது. ஐந்திலும் சீஸ் சீஸாகவே தெரிந்தது இதில் மட்டுமே. என் அளவுகோலின்படி வெங்காயம் முந்தவில்லை என்பதால் இரண்டாமிடம் கொடுத்தேன். தனியாக உட்கார்ந்து மெதுவாக மெல்ல இதைவிடப் பொருத்தமான பொட்டலம் எனக்குக் கிடைத்ததில்லை.

பேரங்காடியின் மலிவுப் பொட்டலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொடி சில சீவல்களில் அப்பியும் சிலவற்றில் அறவே இல்லாமலும் இருந்தது. எண்ணெயில் லேசான காறல் தெரிந்தது. மூவருமே கடைசி இடம் கொடுத்தோம்.

சுவைத்து முடித்த பின் மிஞ்சியவற்றைக் கொண்டு, இந்நாட்டு வழக்கப்படி, வெள்ளை ரொட்டியில் உப்பு வெண்ணெய் தடவி நடுவில் சீவல்களைப் பரப்பி அழுத்தி சாண்ட்விச் செய்தோம். இங்கே வரிசை மாறிப் போனது. கியோஸின் தடித்த சீவல் ரொட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியது. டப்ளின் டேட்டோ மெல்ல நொறுங்கி வெண்ணெயோடு கலந்து, வெங்காய வாசனையை ரொட்டி முழுவதும் பரப்பியது. தம்பியும் தன் முதலிடத்தை மாற்றிக்கொண்டான். அடுத்த வாரம் கடைக்குப் போனவன், கேட்காமலே டேட்டோவின் ஆறு பொட்டலக் கட்டு ஒன்றையும் ஒரு வெள்ளை ரொட்டியையும் வாங்கி வந்து அலமாரியில் வைத்தான்.