பழைய வீட்டுக்கு அரசு மானியம்: சுவருக்குத் தந்தார்கள், தகரத்துக்குத் தரவில்லை

எங்கள் ஊரில், பாதுகாக்க வேண்டிய பழைய நகரம் என்று பட்டியலில் உள்ள தெருவில் வீடு இருந்தால், பழுதுபார்க்கப் பொதுப்பணத்தில் மானியம் உண்டு. நாங்கள் வாங்கிவிட்டோம், கடைசித் தவணையும் வந்துவிட்டது. யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் பதில்: வாங்குங்கள், ஆனால் முதலில் கையில் பணத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பாதிச் செலவு நம் பங்கு. அவர்கள் தரும் மீதிப் பாதியும் வேலை முடிந்து, ரசீது கொடுத்து, ஆள் வந்து பார்த்த பிறகுதான் வரும், அதுவரை அதையும் நாம்தான் போட வேண்டும். அப்புறம், ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் அவசரப்பட்டுப் பூச்சைக் கொத்திவிட்டார், விண்ணப்பமே போயிற்று.

சிமெண்ட் கூடாது, சுண்ணாம்புக் காரைதான் என்ற நிபந்தனை முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதற்காகவே நன்றி சொல்கிறேன். யாரோ எப்போதோ வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுவரில் ஊறிய ஓதம் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கம் உப்புப் பூத்து, விரல் பட்டாலே செங்கல் மாவாகக் கொட்டியது. பார்வையிட வந்தவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், பொள்ளென்று கேட்ட இடத்தில் எல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டார். அத்தனை வட்டமும் சிமெண்ட் பூசிய பக்கத்தில்தான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அதனால் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் ஈரச்சாக்கு, நடுவில் காத்திருப்பு. ஆனால் உள்சுவர் இப்போது காய்ந்துவிட்டது.

என் குறை ஒன்றுதான். இத்தனைக்கும் காரணம் கூரையோரத்தில் மழைத்தண்ணீரை வாங்கும் தகரம் அடைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் சுவர்மேலேயே தண்ணீர் வழிந்ததுதான். அதைச் சேர்க்கச் சொன்னால் "அது பராமரிப்பு, மானியத்தில் வராது" என்றார்கள். சுவர் இடிகிற நிலைக்கு வந்தால் பெரிய தொகை, அந்த நிலை வராமல் தடுக்கச் சின்னத் தொகைகூட இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. 1877-ல் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் என்ற எழுத்தாளர், வடிவமைப்பாளர் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கச் சங்கம் தொடங்கியபோதே அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தடுங்கள் என்றுதான் கேட்டார். நெதர்லாந்தில் 1973-லிருந்து மொனுமென்டன்வாக்ட் என்ற சேவை இருக்கிறது: வீட்டுக்காரர் சந்தா கட்டினால் ஆட்கள் வந்து கூரையேறி, தகரம், ஓடு, மரம் எல்லாம் பார்த்து, சின்ன ஓட்டையை அங்கேயே அடைத்து, எதை முதலில் செய்ய வேண்டும் என்று அறிக்கை தருவார்கள். மாகாண அரசுகளின் பணமும் அதில் சேர்கிறது. எங்களுக்கு வேண்டியதும் இதுதான்.

திட்டம் முடிந்ததும் நிரப்பச் சொன்ன கருத்துப் படிவத்தில் இதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த மழைக்கு முன் நானே ஏணி வைத்து ஏறித் தூர்வாரினேன், ஒரு வாளி நிறைய சருகும் மண்ணும் வந்தது.