பன்னாட்டுப் போட்டிக்குப் புதிய அரங்கமா, இருக்கும் அரங்கமா?

பல நாட்டு மாணவர்கள் கலந்துகொண்ட ஒரு பல்விளையாட்டுப் போட்டிக்கு அரங்குகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் மேசைக்கு இரண்டு வரைபடங்கள் வந்தன. ஒன்றில், ஊருக்கு வெளியே வெற்று நிலத்தில் ஒரு விளையாட்டு வளாகம்: பெரிய மைதானம், நீச்சல் குளம், உள்ளரங்கம் எல்லாமே புதியவை. மற்றொன்றில் பழைய கால்பந்து மைதானம், பல்கலைக்கழக உள்ளரங்கு, பொருட்காட்சிக் கூடம், பத்து நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும் இருக்கைகள். இரண்டாவதற்குத்தான் நான் கை தூக்கினேன். இன்று கேட்டாலும் அதற்கே தூக்குவேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

புதிய வளாகத்தின் நன்மைகள் கண்ணுக்குத் தெரிந்தவை. எல்லாம் ஓரிடத்தில் இருப்பதால் பாதுகாப்பும் போக்குவரத்தும் எளிது. தொலைக்காட்சியில் அழகாகத் தெரியும். ஒவ்வொரு விளையாட்டின் அளவுகளையும் பிசகாமல் கட்டிக்கொள்ளலாம். பழைய அரங்கோ செலவு குறைவு. இவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. என் முடிவைத் தீர்மானித்தது, போட்டி முடிந்த பிறகு வரும் பராமரிப்பு.

குளங்களைப் பராமரித்தே தலை நரைத்த ஒரு பொறியாளர் எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நிறைவு விழாவுக்கு மறுநாள் காலை இந்தக் குளத்து மோட்டாரை யார் போடுவார்கள்? சம்பளம் யார் கொடுப்பார்கள்?” அறை அமைதியாகிவிட்டது. வரைபடத்தில் அதற்குப் பதில் இல்லை.

50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் ஏறத்தாழ 37 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். யாரும் நீந்தாத நாளிலும் அந்த நீரைச் சுற்றவிட்டு வடிகட்ட வேண்டும், மருந்து போட வேண்டும். பந்தயக் குளம் என்றால் வெப்பத்தையும் 25 முதல் 28 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கூரை போட்ட குளத்தில் ஈரக்காற்றை வெளியேற்றாவிட்டால் இரும்புச் சட்டங்கள் துருப்பிடிக்கும். செலவு மிச்சம் என்று நிறுத்திவைத்தால் ஓடு பெயரும், குழாய் அடைக்கும், மீண்டும் தொடங்கும்போது பழுதுபார்ப்பே பெருந்தொகையாகிவிடும். செயற்கை ஓடுதளம், ஹாக்கி விரிப்பு, மிதிவண்டிப் பந்தயத்துக்கான மரத்தளம் என எதை எடுத்தாலும் இதே கதைதான். ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவை வெயிலிலும் ஈரத்திலும் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

மாண்ட்ரியல் 1976-இல் ஒலிம்பிக் நடத்தியது. போட்டி நடந்தது 16 நாள். அதற்காக வாங்கிய கடனை அடைத்து முடிக்க 2006 ஆகிவிட்டது. கடன் தீர்ந்ததும் செலவு நின்றுவிடவும் இல்லை. அரங்கத்தின் கூரை திரும்பத் திரும்பக் கிழிந்தது. அங்கே ஆடிவந்த பேஸ்பால் அணி 2004-உடன் ஊரைவிட்டே போய்விட்டது. 2024-இல் புதிய கூரைக்கென்று 87 கோடி கனடா டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது. போட்டியின்போது பிறந்திராத தலைமுறை அந்தக் கூரைக்குப் பணம் கட்டுகிறது. எனக்கு இது நெஞ்சை அறுக்கும் விஷயம்.

ஏதென்ஸ் 2004 இன்னொரு பாடம். பழைய ஹெல்லினிகோ விமான நிலைய நிலத்தில் பேஸ்பால், சாஃப்ட்பால், ஹாக்கி, துடுப்புப்படகு ஆகியவற்றுக்கு அரங்கங்கள் எழுந்தன. சில ஆண்டுகளில் அங்கே புல் மண்டியது. கட்டடங்கள் மோசமாகக் கட்டப்பட்டதாலா? இல்லை. அந்த ஆட்டங்களை வாரம்தோறும் ஆட உள்ளூரில் போதிய ஆட்கள் இல்லை. அரங்கத்தைக் காப்பது அன்றாடம் அதன் வாசலுக்கு வரும் கூட்டம்தான்.

இதனால் புதிதாகக் கட்டுவது எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. 2002 காமன்வெல்த் போட்டிக்கு மான்செஸ்டர் கட்டிய மைதானம் இன்றும் நிரம்பி வழிகிறது. காரணம், போட்டிக்குப் பிறகு அது மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணிக்கு என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. போட்டி முடிந்ததும் ஓடுதளத்தை எடுத்து, தரையைத் தோண்டி இறக்கி, கீழே ஓர் அடுக்கு இருக்கை சேர்த்தார்கள். 1996-இல் அட்லாண்டாவும் ஒலிம்பிக் அரங்கைத் தொடக்கத்திலிருந்தே பேஸ்பால் மைதானமாக மாறும்படி வடிவமைத்தது. லண்டன் 2012-இல் அந்த முடிவு தாமதமானது. கால்பந்து அணி பின்னர்தான் உறுதியானது, மாற்றியமைக்க மட்டும் 32 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. அதே லண்டனின் நீச்சல் அரங்கம் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு. போட்டிக்கு 17,500 இருக்கைகள். முடிந்ததும் இரு பக்கச் சிறகுகளைக் கழற்றிவிட்டு 2,500 ஆக்கி, பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

இருக்கும் அரங்கங்களின் பக்கம் வந்தால், முதலில் நினைவுக்கு வருவது லாஸ் ஏஞ்சல்ஸ் 1984. மாண்ட்ரியலைப் பார்த்து அஞ்சிய நகரம், வரிப்பணத்தைப் பிணையாக வைக்க மறுத்தது. 1923-இல் திறந்த கொலீசியம் மைதானத்தையே பயன்படுத்தினார்கள். வீரர்கள் பல்கலைக்கழக விடுதிகளில் தங்கினார்கள். 23 கோடி டாலருக்கு மேல் உபரி நின்றது. கிளாஸ்கோ 2014 இன்னும் துணிச்சலானது. ஹாம்ப்டன் பார்க் கால்பந்து மைதானத்தில் 400 மீட்டர் ஓடுதளத்துக்கு இடமில்லை. தரையையே எஃகுத் தூண்களின்மேல் 1.9 மீட்டர் உயர்த்தினார்கள். முன்வரிசை இருக்கைகள் அடியில் மறைந்தன, மேலே ஓடுதளத்துக்கு இடம் கிடைத்தது. முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். பாரிஸ் 2024-இல் நீச்சல் நடந்தது ஒரு ரக்பி அரங்கத்துக்குள் பொருத்திய தற்காலிகக் குளத்தில். 2.15 மீட்டர் ஆழமே இருந்ததால் வேகம் குறைகிறது என்ற பேச்சு எழுந்தது உண்மைதான். ஆனாலும் அங்கே உலக சாதனைகளும் விழுந்தன.

பழைய அரங்கத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதன் தொல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு மிகப் பெரிய சிக்கல், மைதானத்தை ஒட்டி வீரர்கள் உடலைச் சூடேற்றிக்கொள்ளத் தனி ஓடுதளம் இல்லாதது. அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த பள்ளி மைதானத்திலிருந்து வேன் விட்டோம். முதல் நாள் ஒரு வேன் தாமதமாகி, ஓட்டப்பந்தயம் ஒன்றையே தள்ளிவைத்தோம். அந்த வேனில் வந்த ஒரு மாணவியின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பொருட்காட்சிக் கூடத்தில் மின்சாரம் போதாமல் ஜெனரேட்டர் வாடகை எங்கள் மதிப்பீட்டைத் தாண்டியது. பழைய கட்டடத்தில் சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதைகளை நாங்கள் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அவை இன்றும் பயன்படுவது பெரிய நிறைவு.

தற்காலிகம் என்றாலே மலிவு என்று நினைப்பதும் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியைப் பெரிய மைதானங்கள் நிறைந்த மெல்பர்னில் நடத்தாமல், பல சிறு நகரங்களுக்குப் பரப்ப முனைந்தது. முதல் மதிப்பீடு 260 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2023 ஜூலையில் விலகியபோது, 600 கோடிக்கு மேல் போகும் என்று அரசு சொன்னது. நடத்தாத அந்தப் போட்டிக்கே 58 கோடி டாலருக்கு மேல் செலவாகிவிட்டதாகத் தணிக்கை சொன்னது. அரங்கமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு இருக்கையையும் குழாயையும் கொண்டுபோய்ப் பொருத்தினால், கழற்றும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே என் ஆதரவு இருக்கும் அரங்கத்துக்கே. தற்காலிக அமைப்பு அதன் குறையை நிரப்பும் அளவுக்குப் போதும்.

நாங்களும் ஒன்றே ஒன்றைப் புதிதாகக் கட்டினோம்: பூப்பந்தும் மேசைப்பந்தும் ஆட ஒரு சிறிய உள்ளரங்கம். அங்கே இடம் கேட்டு மூன்று மன்றங்கள் ஏற்கெனவே காத்திருந்தன. மாத வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வாங்கிய பிறகுதான் அடித்தளம் தோண்டினோம். குளத்துக்கு அப்படி எழுதித் தர யாரும் முன்வரவில்லை. பழைய குளத்தையே செப்பனிட்டு, கரையில் தற்காலிக இருக்கைகளைப் போட்டுச் சமாளித்தோம்.

வீரர் குடியிருப்பைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது. எங்கள் போட்டி சிறியது, விடுமுறையில் காலியான மாணவர் விடுதிகளே போதுமாக இருந்தன. அதற்கும் ஒரு விலை உண்டு: விடுதி காலியாகும் மாதத்தில்தான் போட்டி வைக்க முடிந்தது, அது வெயில் மாதம். நெடுந்தூர ஓட்டத்தை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கினோம். தண்ணீர் மேசைகளை இரட்டிப்பாக்கினோம்.